பேஸ் ஆம்பின் பாரத்தைக் குறைப்பது எப்படி: கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கீபோர்டு வாசிப்பவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடுவார். பாடகருக்கு அந்தக் கவலையும் இல்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் மட்டும் வேன் கதவருகே நின்று, ஒரு கை கொடுக்க ஆள் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மண்டபத்தில் லிஃப்ட் இருக்கும். அது பந்திப் பாத்திரங்களுக்கு.

இந்தப் பாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற 300 வாட் வால்வு ஹெட்டை, அதாவது கண்ணாடி வால்வுகளால் இயங்கும், ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டியை வெளியிட்டது. அதன் பிற்கால வடிவமான எஸ்விடி-சிஎல் மட்டுமே 36 கிலோ. அதோடு சேர்ந்து நிற்கும், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட கேபினெட் 64 கிலோவை ஒட்டி வரும். அதற்கு ஃபிரிட்ஜ் (குளிர்பதனப் பெட்டி) என்றே பட்டப்பெயர். அரங்க ஒலிபெருக்கி அமைப்புகள் வளராத காலத்தில், மேடையிலிருந்தே கடைசி வரிசை வரை பேஸை அனுப்புவதற்காகப் பிறந்த பெட்டி அது. இன்று அந்த வேலையை சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவரும் சப்-ஊஃபர்கள் செய்கின்றன. வேலை கைமாறிய பிறகும் நாம் பெட்டியைக் கைவிடவில்லை.

பாரத்தைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய், இருப்பதிலேயே சிறியதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு முதல் கச்சேரியிலேயே டிரம்ஸுக்கு அடியில் பேஸ் காணாமல் போகும். இதைத் தவிர்க்க ஓர் ஒழுங்கு இருக்கிறது: ஒலியில் பங்கில்லாத எடையை முதலில் இறக்குங்கள், ஒலியைத் தாங்கும் எடையைக் கடைசியில் தொடுங்கள். கீழே வரும் படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முதல் படி: எங்கே வாசிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

கடந்த சில மாதங்களில் வாசித்த இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: அங்கே பேஸ் மிக்சர் வழியாகப் போனதா, இல்லையா?

கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா மெல்லிசை, கல்லூரி விழா என்றால் விடை பெரும்பாலும் 'போனது' என்றுதான் இருக்கும். அப்படியானால் உங்கள் ஆம்ப் கேட்பவர்களுக்கானது அன்று. உங்களுக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் மட்டும் கேட்டால் போதும். அதற்கு ஹெட்டும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள 200 வாட் கோம்போ தாராளம். காபிக் கடை, ஓட்டல் லவுஞ்ச், சிறிய தேவாலயம் போன்ற இடங்களில் பாடகரின் மைக் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும். பேஸ் உங்கள் பெட்டியிலிருந்தே கேட்டாக வேண்டும். இந்த இரண்டாம் வகையில் உங்களுக்கு எத்தனை கச்சேரி வருகிறது என்பதைப் பொறுத்தே கேபினெட்டின் அளவு. வேறு யார் சொல்வதும், யார் வைத்திருப்பதும் இதில் கணக்கில்லை.

இரண்டாம் படி: ஹெட்டை மாற்றுங்கள்

பழைய ஆம்பின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு மூலையில் தகடு தகடாக அடுக்கிய இரும்பும், அதைச் சுற்றித் தடித்த செம்புக் கம்பியுமாக ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் மின்சார டிரான்ஸ்பார்மர். ஆம்பைத் தூக்கும்போது ஒரு பக்கம் மட்டும் சாய்வது அதனால்தான். அதற்குப் பக்கத்தில் சீப்புப் பல் போன்ற அலுமினிய வெப்பத்தகடு. இவை இரண்டும்தான் எடையில் பெரும்பங்கு. இரண்டிலும் உங்கள் தொனி என்று பெரிதாக எதுவும் இல்லை.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி வருகிறது. அவ்வளவு மெதுவாக மாறும் மின்சாரத்தை அப்படியே டிரான்ஸ்பார்மரில் செலுத்தினால் இரும்பு பெரிதாக இருந்தே தீர வேண்டும். இப்போதைய ஆம்புகளில் உள்ள சுவிட்ச் வகை மின்வழங்கி, அதை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வேகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் டிரான்ஸ்பார்மரே போதும். கிளாஸ் டி என்ற பெருக்கும் முறையும் சேரும்போது வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. வெப்பமாக வீணாவது குறைவதால் அலுமினியமும் சிறுத்துவிடுகிறது. கிளாஸ் டியில் உள்ள 'டி' டிஜிட்டலைக் குறிப்பதன்று. ஏ, பி, சிக்கு அடுத்து வந்த எழுத்து, அவ்வளவே. கடைக்காரர் வேறு சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

இலகுவான ஹெட் நேற்று முளைத்ததும் அன்று. அமெரிக்காவில் வால்டர் வுட்ஸ் என்பவர் 1970களிலேயே கைப்பெட்டி அளவில் ஆம்புகள் செய்து, ஜாஸ் டபுள் பேஸ் கலைஞர்களிடையே பெயர் பெற்றார். இந்த நூற்றாண்டில் இத்தாலியின் மார்க்பேஸ், லிட்டில் மார்க் வரிசையில் 500 வாட்டை 3 கிலோவுக்குள் அடக்கி, அதை எல்லோருக்கும் ஆக்கியது. அகிலார் டோன் ஹாமர் 500 இரண்டு கிலோவுக்கும் கீழே. டிரேஸ் எலியட் எல்ஃப் 200 வாட்; ஒரு கிலோகூட இல்லை. கிட்டார் பையின் முன்பக்க அறையில் நுழைந்துவிடும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. பெட்டியின் மேல் எழுதியுள்ள 500 வாட், 4 ஓம் சுமையில்தான் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு). 8 ஓம் கேபினெட் ஒன்று மட்டும் மாட்டினால் 250 முதல் 300 வரையே கிடைக்கும். அந்த எண்ணும் பல மாடல்களில் குறுகிய நேரத்துக்கான அளவு. நீண்ட நேரம் முழுவிசையில் ஓட்டினால் காப்புச் சுற்று விழித்துக்கொண்டு அடக்கிவிடும். ஆகவே கணக்குப் போட்டதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள். மின்விசிறியின் இரைச்சலைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். சந்தடியில் தெரியாது, தேவாலயத்தில் ஜெப நேரத்தில் தெரியும்.

வெளிநாட்டு உறவினர் மூலம் வாங்குகிறவர்கள் பின்பலகையில் உள்ள மின்னழுத்தக் குறிப்பைப் படிக்காமல் பணம் அனுப்பாதீர்கள். சிலவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே ஏற்கும். சிலவற்றுக்கு உள்ளே ஒரு சுவிட்சை மாற்ற வேண்டும். சில 120 வோல்ட்டுக்கு மட்டுமே. அந்தக் கடைசி வகையை இங்கே ஓட்ட வேண்டுமானால் இறக்குமின்மாற்றி ஒன்றை உடன் சுமக்க வேண்டும். விட்டொழித்த இரும்பு வேறு வாசல் வழியாக வந்து சேரும்.

மூன்றாம் படி: கேபினெட்டில் நிதானம்

ஹெட்டை மாற்றியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கேபினெட்டோடு சில கச்சேரிகள் வாசியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், தொனி கெட்டதற்கு எது காரணம் என்றே தெரியாது.

கேபினெட்டின் எடை ஹெட்டின் எடையைப் போல வெறும் சுமையன்று. அதன் ஒரு பகுதிக்கு வேலை இருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

காந்தம்: பழைய ஸ்பீக்கர்களில் இருப்பது ஃபெரைட் காந்தம். அதே விசையை நியோடிமியம் காந்தம் மிகச் சிறிய அளவில் தருகிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் சுமிட்டோமோவும் தனித்தனியே உருவாக்கிய காந்தம் இது. நான்கு ஸ்பீக்கர் உள்ள கேபினெட்டில் இந்த மாற்றத்தால் மட்டுமே பல கிலோ குறையும், ஒலிக்குச் சேதமில்லை. விலைதான் நிலையில்லாதது. 2011இல் அருமண் உலோகங்களின் விலை உச்சிக்குப் போனபோது ஸ்பீக்கர் விலையும் கூடவே ஏறியது.

மரம்: 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்குப் பதிலாக மெல்லிய, லேசான பாப்லர் பலகைகள் வந்துள்ளன. இதில்தான் ஏமாற்று அதிகம். பலகை மெலிந்தால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியும் சேர்ந்து பாடும். பக்கப் பலகையின் நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று சுருக்கமாக நின்றால் நல்லது. 'டொம்ம்' என்று இழுத்தால், கீழ்ஸ்தாயி ஸ்வரங்களில் சில மட்டும் மேடையில் பூதாகரமாக எழும்.

பெட்டிக்குள் உள்ள காற்று: இதற்கு எடையே இல்லை, ஆனால் இதைக் குறைத்தால் பேஸ் குறையும். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிக சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஹாஃப்மன் விதி. கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஆண்டன் ஹாஃப்மன் பெயரால் வழங்குவது அது. பியானோ மேதை யோசப் ஹாஃப்மனின் மகன் அவர். எந்த நிறுவனமும் இந்த விதியிலிருந்து தப்பியதில்லை. தலையணை அளவுப் பெட்டியில் பூமி அதிரும் என்று விளம்பரம் சொன்னால், மூன்றாவதாக எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். அநேகமாக அது சத்தமாகத்தான் இருக்கும்.

அந்தச் சத்தத்தை அளக்க, வாட்டைவிட 'சென்சிட்டிவிட்டி' என்ற எண்ணைப் பாருங்கள்; ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது சொல்லும். 97 டெசிபல் கேபினெட்டும் 100 டெசிபல் கேபினெட்டும் சமமாக ஒலிக்க வேண்டுமானால், முதலாவதற்கு இரு மடங்கு வாட் வேண்டும். வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவேண்டும் என்றால் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட். 300 வாட்டிலிருந்து 500க்குப் போவதை நினைத்து மகிழ்கிறவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

என் பரிந்துரை: ஒரே பெரிய கேபினெட் வேண்டாம். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று மட்டும் உள்ள, 8 ஓம் கேபினெட்டை வாங்குங்கள். அகிலாரின் எஸ்எல் 112 போன்றவை சுமார் 11 கிலோ இருக்கின்றன. பிறகு அதே மாடலில் இன்னொன்று. சிறிய இடத்துக்கு ஒன்று, பெரிய இடத்துக்கு இரண்டு. ஒரு கையில் ஒன்றாகத் தூக்கும்போது உடம்பு நேராக நிற்கும். முதுகைக் கெடுப்பதில் ஒருபக்கச் சாய்வுக்கும் பங்குண்டு. மேடையில் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் மேல் ஸ்பீக்கர் உங்கள் காதை நோக்கி உயர்ந்துவிடும். முழங்காலுக்கு வாசித்துக்கொண்டு 'எனக்குக் கேட்கவில்லை' என்று வால்யூமைத் திருகும் வழக்கம் பாதி இதிலேயே தீரும்.

தனித்தனியாக வேண்டாம், ஒரே பெட்டியாக இருக்கட்டும் என்பவர்களுக்கு ஃபெண்டர் ரம்பிள் 500 நல்ல அளவுகோல். இரண்டு 10 அங்குல ஸ்பீக்கரோடு பதினாறரைக் கிலோ. உள்ளிருக்கும் ஸ்பீக்கர்களுக்கு 350 வாட். வெளிக் கேபினெட் ஒன்றும் சேர்த்தால்தான் 500.

நான்காம் படி: ஓம் கணக்கும் கம்பியும்

8 ஓம் கேபினெட்டுகள் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம். இது பெரும்பாலான ஹெட்டுகளின் கீழ் எல்லை. 4 ஓம் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம். ஹெட்டில் அதற்கு அனுமதி எழுதியிருந்தாலொழிய மாட்டாதீர்கள். ஆகவேதான் முதல் கேபினெட்டை 8 ஓமில் வாங்கச் சொன்னேன். 4 ஓமில் ஒன்றை வாங்கிவிட்டால் இரண்டாவதற்குக் கதவு மூடிவிடும்.

ஸ்பீக்கர் கேபிள் வேறு, கிட்டார் கேபிள் வேறு. முனை ஒன்றுபோல இருந்தாலும் கிட்டார் கேபிளின் உட்கம்பி மெல்லியது. ஸ்பீக்கருக்கான மின்னோட்டத்தில் சூடாகும். திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் முனையே நல்லது. இன்னோர் எச்சரிக்கை: கிளாஸ் டி ஹெட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் முனை இரண்டுமே உயிருள்ளவை, எர்த் என்று ஒன்று இல்லை. அவசரத்துக்கு அந்த முனையிலிருந்து வேறொரு கருவிக்கு வயர் இழுத்தால் ஹெட் அந்த இடத்திலேயே போய்விடும்.

ஐந்தாம் படி: பழையதையும் புதியதையும் நேர்மையாக ஒப்பிடுங்கள்

'கிளாஸ் டியில் கனம் இல்லை' என்ற புகாரை எங்கும் கேட்கலாம். அதில் உண்மை கொஞ்சம், ஒப்பிட்ட விதத்தில் பிழை நிறைய. சத்தம் சற்றே கூடினாலும் காதுக்கு பேஸ் கூடியதாகப் படும். எனவே ஒரே கேபினெட்டில் இரண்டு ஹெட்டையும் மாறி மாறி மாட்டி, கைபேசிச் செயலியால் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். செயலியில் 'சி' அளவீட்டைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக இருக்கும் 'ஏ' அளவீடு கீழ்ஸ்தாயியைப் பெரிதாகக் கழித்துவிடும். பேஸ், டிரெபிள் போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ குமிழ்களை நடுவில் வைத்து நம்பிவிடாதீர்கள். சில ஹெட்டுகளில் நடு நிலையிலும் ஒரு நிறம் கலந்தே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் மிச்சமாகும் வித்தியாசம் உண்மையானது. வால்வு ஆம்பை அழுத்தி வாசிக்கும்போது அது ஒலியின் உச்சிகளை மெல்ல அமுக்கி, மேல் ஹார்மானிக்குகளை, அதாவது மூல ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேல்ஸ்தாயி ஒலிகளைச் சேர்க்கும். அதனால் 300 வாட் 600 போலத் தோன்றும். கிளாஸ் டி எல்லை வரை சுத்தமாகப் போய், எல்லையில் சட்டென்று நின்றுவிடும். அந்த உணர்வு வேண்டுமென்றால் முன்னால் ஒரு பிரீஆம்ப் பெடல் (ஆம்புக்குப் போகுமுன் ஒலியைப் பதப்படுத்தும் சிறு பெட்டி) வையுங்கள். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் 1990களிலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. அரைக் கிலோவில் தீரும் குறைக்காக 36 கிலோ சுமப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆறாம் படி: அடியில் கொஞ்சம் வெட்டுங்கள்

சிறிய கேபினெட்டுக்கு உயிர்காப்பு இது. நான்கு கம்பி பேஸின் கீழ் ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பியின் கீழ் பி சுமார் 31. ஆனால் ஆம்ப் வழியாக நாம் கேட்பதில் பெரும்பங்கு அதற்கு மேலுள்ள ஹார்மானிக்குகள்தான். துளையுள்ள கேபினெட்டில், அது இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றின் பிடி விட்டுப்போகும். கம்பியில் கை தட்டினாலே ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் தாறுமாறாக ஓடும். காதுக்கு எதுவும் கேட்காது. வாட் மட்டும் வீணாகும். ஒருநாள் ஸ்பீக்கரே கெட்டுவிடும்.

மிகத் தாழ்ந்த ஒலியை மட்டும் வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றை 30 அல்லது 35 ஹெர்ட்ஸில் வைத்தால் போதும். சில ஹெட்டுகளில் உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் தனிப் பெடலாகக் கிடைக்கும். கேபினெட்டின் வலையை விலக்கி, கூம்பைப் பார்த்துக்கொண்டே கீழ் ஈயை வாசியுங்கள். ஃபில்டரை இட்டதும் கூம்பின் ஆட்டம் அடங்கும், சத்தம் குறையாது. பேஸ் குமிழைக் கூட்டும் பழக்கத்தையும் விடுங்கள். கனம் வேண்டுமென்றால் 100 ஹெர்ட்ஸை ஒட்டிக் கொஞ்சம், கலவையில் தனித்துத் தெரிய 400 முதல் 800 வரை கொஞ்சம்.

மேடை உள்ளே வெற்றாக இருக்கும் மரப்பலகை என்றால், கேபினெட்டை நாற்காலி மேலோ தடித்த நுரைப்பலகை மேலோ வையுங்கள். இல்லாவிட்டால் மேடையே டிரம்மாகிவிடும்.

ஏழாம் படி: மேடையில் கவனிக்க வேண்டியவை

இரண்டு கிலோ ஹெட்டுக்கு ஒரு புதிய ஆபத்து உண்டு. பழைய ஹெட் தன் எடையாலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும். இது கேபினெட்டின் அதிர்வில் விரல் விரலாக நகர்ந்து, மூன்றாவது பாட்டு முடிவதற்குள் விளிம்புக்கு வந்துவிடும். பின்னால் தொங்கும் கம்பியின் எடை மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒட்டுப்பட்டையோ ரப்பர் விரிப்போ கட்டாயம். காற்றுத்துளையை மூடிவிடாதீர்கள்.

மண்டபத்தில் சீரியல் விளக்கு ஓடும் இணைப்பில் ஆம்பை மாட்டாதீர்கள். இரைச்சல் நேராக பிக்கப்புக்குள் வரும். ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் வரும் மின்னழுத்தப் பாய்ச்சலே பெரிய எதிரி. நல்ல ஸ்பைக் பஸ்டர் பையில் இருக்கட்டும். ஹெட்டின் டிஐ முனையிலிருந்து (மிக்சருக்கு நேராகக் கொடுப்பதற்கான முனை) மிக்சருக்குக் கொடுக்கும்போது 'பிரீ' (ஈக்யூவுக்கு முன்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது மேடைக்காக நீங்கள் ஈக்யூவைத் திருகுவது வெளியே போகாது, சவுண்ட் இன்ஜினியரும் உங்களை வாழ்த்துவார். 'ஹம்' வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். மின்பிளக்கின் எர்த் முனையை உடைத்து ஹம்மைத் தீர்க்கும் கைவைத்தியம் சிலரிடம் உண்டு. உயிரோடு விளையாடும் வேலை அது. மழை ஈரத்தில் திறந்தவெளி மேடையில் கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வெளியூர்க் கச்சேரிக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு: உள்நாட்டு சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. ஹெட் கைப்பையில் போகட்டும், கேபினெட்டை அங்கே வாடகைக்குக் கேளுங்கள். அதன் ஓமையும் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஆம்பே இல்லாமல்

முதல் படியில் எழுதிய தாளில் எல்லா இடத்துக்கும் 'போனது' என்றே விடை வந்திருந்தால், உங்களுக்கு ஆம்பே தேவையில்லாமல் இருக்கலாம். பிரீஆம்ப் பெடல் ஒன்று, அதிலிருந்து மிக்சருக்கு ஒரு கம்பி, காதில் இயர் மானிட்டர். சேர்த்து இரண்டு கிலோகூட வராது. ஆனால் இதில் உங்கள் சத்தம் இன்னொருவர் கையில். மானிட்டரை ஒழுங்காகத் தராத சவுண்ட் சர்வீஸ் என்றால் இரவு முழுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிப்பதுதான். டிரம்ஸ் வாசிப்பவருக்கும் பேஸ் கேட்க வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. அவர் காதிலும் அதை அனுப்பச் சொல்லுங்கள். அறிமுகமில்லாத இடத்துக்கு 200 வாட் ஹெட்டும் ஒற்றை 10 அங்குல கேபினெட்டும் உடன் போவதே என் வழக்கம்.

ஒன்பதாம் படி: பழையதை என்ன செய்வது

உடனே விற்காதீர்கள். புதிய அமைப்பு திறந்தவெளி, மண்டபம், சிறிய அறை மூன்றையும் பார்க்கட்டும்.

விற்பதற்கு முன் பழுதுபார்ப்பையும் எண்ணிப் பாருங்கள். பழைய ஆம்ப் பழுதானால் ஊரிலுள்ள ரேடியோ மெக்கானிக் டிரான்சிஸ்டரை மாற்றி மறுநாள் தந்துவிடுவார். கிளாஸ் டி பலகையில் உறுப்புகள் அரிசிக்குருணை அளவில் ஒட்டியிருக்கும்; பெரும்பாலும் முழுப் பலகையையே மாற்ற வேண்டும், அதுவும் நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். ஆகவே இந்தியாவில் சர்வீஸ் உள்ள பிராண்டையே வாங்குங்கள். பெருநகரத்துக்கு வெளியே இருக்கிறீர்கள் என்றால், பழைய ஹெட்டை ஒத்திகை அறையில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். பெரிய கேபினெட்டும் அங்கேயே இருக்கட்டும். புதிய ஹெட்டின் 4 ஓம் எல்லைக்குள் அது வருகிறதா என்று பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துவிட்டால், ஒத்திகைக்குப் போகும்போது ஹெட்டை மட்டும் எடுத்துப் போகலாம்.